மிதிக்கத் தகுந்த படம்

ஒரு கடைக்குத் தரை போடுவதற்காகக் கடல் தாண்டிப் போய்வந்தவர்கள் ராயபுரத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பாரிஸ்டர் பட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, வைத்தியப் படிப்புக்குப் போனவர்கள் உண்டு. அவர்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். நான் பனந்தும்புக் கட்டுகளோடு ஏறினேன்.

பனைமட்டையை அடித்து எடுக்கிற நாருக்குத்தான் தும்பு என்று பெயர். எங்கள் முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி அதைத் தெற்கேயிருந்து ராயபுரம் கிடங்குக்கு வரவழைத்து, தரம் பிரித்து, கட்டுக் கட்டி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறார். தூத்துக்குடியிலேயே துறைமுகம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அங்கே அண்ணாச்சியின் அண்ணன் இருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தும்பு அங்கே போய்த் துடைப்பமாகவும் பிரஷாகவும் மாறுகிறது. இருநூறு வருஷம் நம்மை ஆண்ட கண்டத்தின் வாசலை இன்று நம் பனைமரம் பெருக்குகிறது என்பதில் அண்ணாச்சிக்கு ஒரு தேசபக்திப் பெருமை. பெருக்குகிறவனுக்கா பெருமை, பெருக்க வைக்கிறவனுக்கா என்று நான் கேட்டதில்லை. பி.ஏ. படித்துவிட்டு அவரிடம் கட்டுகளுக்கு மார்க்குப் போட்டுக்கொண்டிருப்பவன் இப்படிக் கேட்பது நல்லதல்ல.

நேப்பிள்ஸ் நகரத்தில் தும்பு வாங்கும் கம்பெனி, போன சரக்கில் மணல் இருந்ததாகப் புகார் செய்திருந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏல ராஜு, நீ இங்கிலீசு படிச்சவன்லா. போயி மூஞ்சியக் காட்டிட்டு வா. மூஞ்சியப் பாத்தா மனுசனுக்குக் கோவம் கொறையும். அப்படியே நம்ம புதுக்கடைக்கு ஒரு தரை பாத்துட்டு வா.”

“தரையா அண்ணாச்சி?”

“எதுத்த கடைக்காரன் மொசைக்குத் தரை போட்டுட்டான், பாத்தியா? எல்லாம் கல்லுப்பொடி. நம்ம கடையில காலு வைக்கவன் குனிஞ்சு பாக்கணும். நீதான் ரோமாபுரித் தரை, ரோமாபுரித் தரைன்னு ஒரு வருசமா உயிர எடுக்கியே.”

உண்மைதான். எழும்பூர் நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சின்னச் சின்னக் கல்லை வெட்டி அடுக்கிக் கடலையும் மீனையும் மனுஷ முகத்தையும் தரையில் வரைந்திருக்கிறார்கள். நான் கட்டுகளின்மேல் கருப்பு மையில் எண் வரைந்துகொண்டிருந்தேன்.

“தரை பேசப்பட்டுதுன்னா, எர்ணாவூர்ல சும்மா கெடக்க நெலத்துல ஒனக்கு ஒரு களம் போட்டுத் தாரேன். நீயே தரைக்கல்லு செய்யி, நீயே மேனேசரு. பேசப்படலேன்னா இந்தத் தூசியில கெடந்து சாகுறவரைக்கும் தும்மு” என்றார் அண்ணாச்சி. இதைவிடத் தெளிவான உத்தியோக ஒப்பந்தத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்கியதும் எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி, கப்பல் வழிதவறி மறுபடி ராயபுரத்துக்கே வந்துவிட்டதோ என்பதுதான். அதே கிரேன், அதே மீன் நாற்றம், சுமை தூக்குகிறவர்களின் அதே சண்டை. சந்துகளில் எதிரெதிர் மாடிகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். வண்ணாரப்பேட்டையைத் தூக்கி நிமிர்த்தி வைத்தால் நேப்பிள்ஸ். ஒரே வித்தியாசம், இங்கே எல்லாரும் வெள்ளையாக இருந்தார்கள். அதுவும் துவைத்த வெள்ளை அல்ல.

சுங்க அதிகாரி என் பெட்டியில் துணியைத் தொடவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்தார், முகர்ந்தார், பின்வாங்கினார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி துணிந்து ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வர, வெகுநேரம் ஏதோ பேசினார்.

“அவரோட மாமியாருக்குக் கொஞ்சம் வோணுமாம்” என்று எனக்கு விளக்கினான் என்னை அழைத்துப்போக வந்திருந்தவன்.

அவன் பெயர் கார்மினே. தும்புக் கம்பெனியின் குமாஸ்தா. என் வயதுதான் இருக்கும். யுத்தத்தின்போது வந்து இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் இங்கிலீஷ் கற்றவன். ஆகையால் அவன் இங்கிலீஷில் பாதி வசவு. அவன் பேச்சை நாகரிகத் தமிழில் எழுதினால் அது பொய்யாகிவிடும். காசிமேட்டு மீன் ஏலத்தில் நிற்கிறவன் போலத்தான் அவன் என் காதில் விழுந்தான், அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் கம்பெனி மானேஜர் எங்கள் தும்பு ஒரு பிடி எடுத்து என் எதிரே உதறினார். மேஜைமேல் மணல் விழுந்தது. “இது எங்கள் ஊர்க் கடற்கரை மணல், மிகவும் சுத்தமானது” என்றேன். கார்மினே அதை எப்படி மொழிபெயர்த்தானோ, மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். என் மூஞ்சியும் பார்க்கப்பட்டது. வியாபாரம் பிழைத்தது.

“அவரிடம் என்ன சொன்னாய்?” என்று கேட்டேன்.

“ஒன் மொதலாளி இவரு மேல ஆசையா அவங்க ஊரு பீச்சையே அனுப்பி வச்சிகிறாருன்னு சொன்னேன். வா நைனா, துன்ன போலாம்.”

சாப்பாடு என்பது மக்ரோனி. இடியாப்பத்தைக் காயவைத்து மறுபடி வேகவைத்தால் எப்படியிருக்கும், அப்படி. மேலே தக்காளிக் குழம்பு. குழம்பில் புளி இல்லை, மிளகாய் இல்லை, வெட்கமும் இல்லை. பசிக்குச் சாப்பிட்டேன். காப்பி, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவுக்கு ஒரு கோப்பையில் வந்தது. குடித்து முடித்து, காப்பி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அருங்காட்சியகம் போனோம். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேயி ஊரிலிருந்து நல்ல தரைகளையெல்லாம் பெயர்த்துக்கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தரையை அண்ணாந்து பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கழுத்து வலித்தது. ஆனால் என்ன படங்கள். ஒன்றில் கடல் முழுவதும் இருந்தது: கணவாய், சிங்கி இறால், விலாங்கு, சங்கரா மாதிரி ஒரு சிவப்பு மீன். காசிமேட்டில் விடியற்காலைப் படகு வந்து கூடையைக் கவிழ்த்தது போல.

முதலில் கிரேக்கர்கள் கூழாங்கல்லைப் பொறுக்கி அடுக்கிப் படம் போட்டார்களாம். பிறகு பொறுமை இழந்து கல்லையே வெட்ட ஆரம்பித்தார்கள். ரோமர்கள் அதைக் கற்றுக்கொண்டு ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். முகம், மீன் போன்ற நுணுக்கமான பாகத்தைப் பட்டறையிலேயே ஒரு தட்டில் பாசிப்பருப்பு அளவுக் கற்களால் செய்து, பலகாரம் போலக் கொண்டுவந்து தரையின் நடுவே பதிப்பார்கள். சுற்றிலும் வருகிற பெரிய கட்டங்களை உள்ளூர் ஆள் போடுவான். வீட்டுக்காரன் விருந்தாளியிடம் நடுத்துண்டை மட்டும் காட்டிப் பெருமை பேசுவான். பணக்காரர்கள் அப்போதிருந்தே மாறவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாம்பேயி போக ரயில். எரிமலையின் இந்தப் பக்கமாக ஒரு ரயில், அந்தப் பக்கமாக ஒரு ரயில். இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். நாங்கள் ஏறியது அந்தப் பக்கத்து ரயில். பிறந்து வளர்ந்த ஊர் ரயிலிலேயே கார்மினே தப்பாக ஏறியது எனக்குப் பிடித்திருந்தது. தண்டையார்பேட்டையில் பஸ் மாறி ஏறுகிற என் மாமா நினைவுக்கு வந்தார். எதிர் சீட்டில் ஒரு அம்மாள் மடியில் கோழி வைத்திருந்தாள். கோழி என்னையே பார்த்தது. எரிமலையைச் சுற்றி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

பாம்பேயியில் ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலி போட்ட நாய். கருப்புக் கல்லில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நாய் ஜாக்கிரதை என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு மனசு துள்ளியது. கடை வாசலில் இது ஒன்று போதும். எதிர்க்கடைக்காரன் குனிந்து பார்ப்பதோடு ஒரு அடி பின்னாலும் போவான். உடனே நினைவுக்கு வந்தது: நாய் பைரவர் வாகனம். அண்ணாச்சி தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்துகிறவர். அவர் செருப்போடு பைரவர் வாகனத்தை மிதிப்பாரா?

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். மயில் போடலாமா? முருகன். எலி? பிள்ளையார். யானையும் பிள்ளையார்தான், இன்னொரு வகையில். பாம்பைப் பேசவே வேண்டாம். காளை, சிங்கம், கருடன், அன்னம், எருமை வரைக்கும் எதைத் தொட்டாலும் ஒரு சாமி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மீன் போடலாமென்றால் பெருமாள் மச்சாவதாரம் எடுத்திருக்கிறார். கழுதைகூட மூதேவிக்குப் போய்விட்டது. நம் தேசத்தில் மிதிப்பதற்கென்று ஒரு பிராணியை மிச்சம் வைக்கவில்லை முன்னோர்கள். ரோமர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சாமியையே தரையில் போட்டு மிதித்தார்கள்.

அதை ஓஸ்தியாவில் கண்ணால் பார்த்தேன். ரோமுக்குப் பக்கத்தில் கடலோரம் இருந்த பழைய துறைமுகப் பட்டணம் அது. அந்தக் காலத்து ராயபுரம். கார்மினேயும் ரோமில் இருக்கும் தன் அக்காளைப் பார்க்கும் சாக்கில் கூடவே வந்திருந்தான். பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். சென்னையில் ஸ்டிரைக் என்றால் முகம் கோபமாக இருக்கும். இங்கே டிரைவர்கள் நிறுத்திய பஸ்ஸின் நிழலில் சீட்டாடிக்கொண்டு, போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிச்ச தூரத்தை ஒரு முட்டைக்கோஸ் லாரியின் பின்னால் உட்கார்ந்து கடந்தோம்.

இடிந்த குளிப்பறை மண்டபம் ஒன்றில் பெரிய தரை. வெள்ளைக் கல் நடுவே கருப்புக் கல்லில் கடலரசன், மீன்வால் வைத்த குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிறான். நம் வருணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரப் பயணிகள் அவன் மூக்கின்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் கூசியது. ஓரமாக, வரப்பில் நடப்பது போல ஒற்றையடியில் போனேன். அப்படியும் கால் இடறி அவன் தாடியில் பட்டுவிட்டது. பட்டதும் கை தானாகப் போய்விட்டது. குனிந்து தாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விசில் சத்தம் கேட்டது. காவல்காரர் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பற்றினார். தரையிலிருந்து கல்லைப் பெயர்த்துத் திருடிக்கொண்டு போகிற பயணிகள் அங்கே நிறையப் பேராம். குனிந்தவன், தரையைத் தொட்டவன், கையை முகத்துக்குக் கொண்டுபோனவன் நான். கல்லை வாயில் போட்டு மறைத்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சட்டைப்பையைக் காட்டச் சொன்னார்.

பையில் வெட்டிய பாக்கு இருந்தது. மரியாதை செய்ய வேண்டிய இடத்தில் கொடுக்கச் சொல்லி அண்ணாச்சி கொடுத்தனுப்பியது. காவல்காரர் அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார், பாக்கைப் பார்த்தார். அதே அளவு, அதே சதுரம், பழுப்பில் வெள்ளை ரேகை. நானே சந்தேகப்பட்டேன்.

“போச்சு மாமு. ஒன்ன உள்ள தள்ளப் போறான்” என்றான் கார்மினே, பெரிய துக்கமில்லாமல்.

“அது தின்கிற சாமான் என்று சொல்.”

“கல்லத் துன்றவன்னு சொன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். பரவால்லியா?”

நான் ஒன்றை எடுத்து மென்று காட்டினேன். காவல்காரர் நம்பவில்லை. தானே ஒன்று போட்டார். ருசி பிடிபடாமல் இன்னொன்றும் போட்டார். சற்று நேரத்தில் அவர் நெற்றி வியர்த்தது. காது சிவந்தது. மெல்லத் தரையில், கடலரசன் மார்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இத்த எதுக்குத் துன்றீங்கன்னு கேக்குறார்.”

“எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கொடுப்போம்.”

கார்மினே சொன்னான். காவல்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினார். “அப்பத்தான் கிறுகிறுத்துப் போயி, தெரியாம கல்யாணத்துக்குத் தலய ஆட்டிருவாங்கன்னு சொல்றார். அவருக்கு யாரும் குடுக்கலியாம். தெளிவாவே மாட்டிக்கினாராம்.”

அதற்கப்புறம் நாங்கள் சிநேகிதர்கள். தலை சுற்றல் நின்றதும் அவரே எழுந்து, ஒரு மூலையில் தரை உடைந்திருந்த இடத்தைக் காட்டினார். கேக்கை வெட்டினால் தெரிகிற மாதிரி அடுக்குகள்: அடியில் பெரிய கல், அதன்மேல் சுண்ணாம்போடு சேர்த்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய ஜல்லி, அதன்மேல் செங்கல் தூளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்புச் சாந்து, உச்சியில்தான் படம். நம் ஊரில் சுர்க்கி என்று சொல்லும் அதே சாந்து. படத்தைப் பார்க்க வருகிறவர்கள் மேலே உள்ள கால் அங்குலத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அடியில் இருக்கும் முழங்கால் ஆழம் என்றார்.

அங்கே வியாபாரிகள் சதுக்கம் என்று ஒன்று உண்டு. வரிசையாக வணிகர்களின் அறைகள். ஒவ்வொன்றின் முன்னும் தரையிலேயே விளம்பரப் பலகை: கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால். தரையைப் பார்த்தே யார் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம். கப்பல்தான் சரி என்று கொஞ்ச நேரம் குதித்தேன். பிறகு ஆயுதபூஜையன்று அண்ணாச்சி தராசுக்கும் கொக்கிக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவது ஞாபகம் வந்தது. சோறு போடுகிற கப்பலைக் காலடியில் போட்டால் அவர் என்னைக் கப்பலுக்கு அடியில் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ரோமில், போப்பாண்டவருக்குச் சொந்தமான ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். அங்கேதான் கண்டுபிடித்தேன்.

அது ரோமர் காலத்து வீடு ஒன்றிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுவந்து வைத்திருந்த ஒரு விருந்து அறையின் தரை. படம் என்னவென்றால், குப்பை. விருந்து முடிந்து இன்னும் பெருக்கவில்லை, அவ்வளவுதான். மீன் முள், கோழிக்கால், நண்டுக் கொடுக்கு, நத்தை ஓடு, திராட்சைக் காம்பு, கடித்துப் போட்ட பழம். எல்லாம் துளித்துளிக் கல்லால். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் விழுகிற மாதிரி நிழல் வேறு. கிழக்கே ஒரு கிரேக்கன் முதலில் செய்தானாம்; ரோமாபுரிச் சீமான்கள் நாங்களும் எச்சில் போடுவோம் என்று போட்டி போட்டுக்கொண்டு நகல் எடுக்கச் சொன்னார்களாம். எத்தனை விருந்து போட்டால் இத்தனை எச்சில் விழும் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா.

குனிந்து பார்த்தேன். விரலை நீட்டி அந்த மீன் முள்ளை எடுக்கப் போனேன், கல் என்று தெரிந்தே. என் நிழலும் அதன் நிழலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“இன்னா நைனா, அழுவுறியா?” என்றான் கார்மினே.

அழவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதில் சாமி இல்லை. வாகனம் இல்லை; ஓரத்தில் ஒரு எலி இருந்தது, அதை விட்டுவிடலாம். மிதித்தால் யாருக்கும் பாவமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் துடைப்ப நார் விற்கிறவர்கள். உள்ளே நுழைகிறவன் தரையைப் பார்த்ததும் அவனுக்கு என்ன வாங்கத் தோன்றும்? இதைவிடப் பெரிய விளம்பரம் உலகத்தில் உண்டா? அன்று முழுவதும் உட்கார்ந்து அதை வரைந்து எடுத்துக்கொண்டேன். கார்மினே அக்காள் வீட்டு மக்ரோனியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தான். அது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஊர் திரும்பியபோது அண்ணாச்சி சரக்குப் பிடிக்கத் தெற்கே போயிருந்தார். நல்லதாகப் போயிற்று. திறப்புவிழா வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது என்று கடைவாசலில் சாக்குப் படுதா கட்டிவிட்டு, வண்ணாரப்பேட்டை மஸ்தான் பாயைக் கூப்பிட்டேன். துறைமுகத்துக் கிடங்குகளில் பாதிக்குத் தரை போட்டவர் அவர். வாய் ஓயாது.

“ஊர்ல அவனவன் தாமரப் பூ போடுறான், கட்டம் போடுறான். நீ மீனு முள்ளு போட சொல்றே. இன்னா தம்பி, கப்பல்ல வெயில்ல நின்னியா?”

“ரோமாபுரி ராஜாக்கள் வீட்டில் இருக்கிறது பாய்.”

“ராசா வூட்ல பெருக்க ஆளு இல்லன்னா நான் இன்னா பண்ண முடியும்.”

எண்ணூர்க் கழிமுகத்துக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, சூளைச் செங்கல் தூள், பல்லாவரத்துக் கருங்கல் வந்தன. ஓஸ்தியாவில் பார்த்தபடியே அடுக்கடுக்காகப் போட வைத்தேன். பாய் தன் பங்குக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார். ரோமாபுரிக்காரனுக்கு வெல்லம் கிடைக்கவில்லை, அதனால்தான் ராஜ்யம் போச்சு என்றார். கலருக்குத் துறைமுகத்தில் உடைந்து கழித்த பீங்கான் தட்டுகள், பச்சைக்கு சோடா பாட்டில், மீனின் கண்ணுக்கு வளையல் துண்டு. ஒரு உளியைக் கட்டையில் நட்டு வைத்து அதன்மேல் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பருப்பு அளவில் வெட்டினோம். நிழல்களை மட்டும் நானே போட்டேன். மழைக்காலம் முழுக்கத் தரை சாக்குக்கு அடியில் இறுகியது. அண்ணாச்சி திரும்பி வந்து கேட்டபோதும், திறப்பன்றுதான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

தை வெள்ளிக்கிழமை திறப்பு. விடிந்ததும் முதல் பிரச்சினை கன்னியம்மா. கிடங்கு பெருக்குகிறவள். படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். நான் போனபோது நண்டுக் கொடுக்கைத் துடைப்பத்தால் அடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கஸ்மாலம் வந்து துன்னுட்டுப் போச்சோ. அரமணியா பெருக்கிகினு கீறேன், போவ மாட்டேங்குது. சுடுதண்ணி ஊத்திகூட பாத்துட்டேன்.”

“கன்னியம்மா, அது படம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இத்தப் படமா போட்டியா? அப்ப ஒரு வேல பண்ணு தம்பி. என்னையும் படமா போட்டுடு. அதுவே பெருக்கிக்கட்டும்.”

எனக்கு உள்ளம் பூரித்தது. ரோமாபுரிச் சீமான் வீட்டு வேலைக்காரி இதைத்தானே சொல்லியிருப்பாள்.

அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. படுதாவை விலக்கினேன். நாதஸ்வரம் ஒரு கமகத்தின் நடுவில் நின்றது. கும்பத்தைக் கையில் வைத்திருந்த குருக்கள் கீழே பார்த்தார். கும்பம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு மீன் முள் கிடந்தது.

“எச்சில் மேல கலசம் வைக்கப்படாது” என்றார் குருக்கள். “தரையைப் பெருக்கிடுங்கோ, நேரமாறது.”

அண்ணாச்சி குனிந்தார். விரலால் முள்ளைத் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமை மீன் முகத்திலேயே விழிக்காதவர்.

“ராஜு, இதென்னலே?”

நான் விளக்கினேன். கிரேக்கன், நிழல், துடைப்ப விளம்பரம், எல்லாவற்றையும். அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெருக்காத இடத்தில் லட்சுமி தங்க மாட்டாள் என்று யாரோ பின்னால் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பூஜையைப் பக்கத்துக் கிடங்கில் தும்புக் கட்டுகளுக்கு நடுவே வைத்து முடித்தார்கள்.

எதிர்க்கடைக்காரர் மரியாதைக்கு வந்தவர், வாசலில் நின்று குனிந்து, ஒரு கோழிக்காலை நகத்தால் பெயர்க்க முயன்றார். பிறகு அவருடைய கணக்குப்பிள்ளை முயன்றார். பிறகு தெருவே வந்தது. சாயங்காலத்துக்குள் கல்மண்டபம் வரைக்கும் செய்தி போய்விட்டது. ரிக்ஷாக்காரர்கள் கேட்டார்கள்: “எங்க நைனா, குப்பக் கடைக்கா?” தரை பேசப்பட வேண்டும் என்றுதான் ஒப்பந்தம். தரையைத் தவிர ராயபுரத்தில் வேறு பேச்சே இல்லை. ஆனால் அண்ணாச்சி என்னைக் கூப்பிடவில்லை. எர்ணாவூர் நிலம் என் கண்ணெதிரே உப்பளமாக மாறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மஸ்தான் பாய் கடப்பாரையோடு வந்திருந்தார். அண்ணாச்சி திண்டில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“ஒடைங்க பாய். ஒரு கல்லு மிச்சமிருக்கப்படாது.”

பாய் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். டங்கென்றது. போட்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. மறுபடி போட்டார், இன்னும் ஓங்கி. இன்னொரு ஆளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டார்கள். வியர்வை கொட்டியது. கடைசியில் கடப்பாரையின் முனைதான் மழுங்கியது. நண்டுக் கொடுக்கு அப்படியே இருந்தது.

“இன்னா அண்ணாச்சி பேஜாரு பண்றீங்க” என்றார் பாய், மூச்சு வாங்கிக்கொண்டு. “போடும்போதே சொல்லி இருக்கலாம்ல, பின்னாடி ஒடைக்கோணும்னு. லேசா போட்டிருப்பேன்ல. இது வெடி வச்சாத்தான் வரும். வெடி வச்சா கடையும் வரும்.”

அண்ணாச்சி எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். கடப்பாரை விழுந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். காதை வைத்துத் தட்டிக் கேட்டார். வாசல் வழியாக எதிர்க்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். போட்டு ஒரு வருஷம்போல ஆன அந்த மொசைக் தரையில் படியோரமாக ஏற்கெனவே விரிசல் ஓடியிருந்தது. பிறகு விரல் மடக்கி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

“ஏல ராஜு. தொறமுகத்துக் கிடங்குல எம்புட்டுப் பெரிய கட்டு வந்து விழுது. அதுக்கு இது தாங்குமா?”

“கிரேனே விழுந்தாலும் தாங்கும் அண்ணாச்சி.”

“திங்கக்கெழம எர்ணாவூருக்குப் போயி நெலத்தச் சுத்தி வேலி போடு. பாயையும் கூட்டிக்கோ.” வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஆனா ஒண்ணு. இனிமே நீ போடுத தரையில தரை மட்டுந்தான் இருக்கணும். ஒரு பூவு, ஒரு முள்ளு, ஒண்ணு கண்டேன், ஒன்ன அதுக்கடியில வச்சுப் பூசிருவேன். படம் குப்பை. தரை தரைதான், கேட்டியா.”

“கேட்டேன் அண்ணாச்சி.”

அண்ணாச்சி கதவுப் பக்கம் நடந்தார். வழியில் அந்த மீன் முள் கிடந்தது. படம் குப்பை என்று சொல்லி முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அண்ணாச்சி வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் குத்திவிடாமல் அதைத் தாண்டிப் போனார்.